கடைமடைக்காரர்களுக்கு ஒரு ஸ்பானியச் சொல்

சேலத்தில் காலை ரயில் ஏறும்போதே கவலை பிடித்துக்கொண்டது. மொரப்பூர் வருவதற்குள் 'ஏரிக் கமிட்டிக்காரர்' என்பதற்கு ஒரு ஸ்பானிய வார்த்தையைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

அக்கா வீட்டுக்காரர் சின்னசாமி மாமாவின் ஊரில் ஏரி மதகு விரிசல் விட்டிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் கரையே உடைத்துக்கொண்டு போய்விடும். மதகு கட்ட உதவலாமா என்று பார்க்க ஸ்பெயினிலிருந்து ஓர் உதவி நிறுவனத்தின் சார்பில் எலேனா என்கிற அம்மா வந்திருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் வராது, பேசுவதை நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். நானோ ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வலென்சியா பக்கம் ஆரஞ்சுத் தோட்டத்தில் ஆறு வருஷம் பழம் பறித்தபோது ஒட்டிக்கொண்ட ஸ்பானிய மொழிதான் என்னிடம் இருக்கிறது. அதை நம்பி ஓர் ஊரே காத்திருந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

ஸ்டேஷன் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய். வார்த்தையை யோசித்துக்கொண்டே குடித்ததில் பாதி சட்டைக்குப் போயிற்று.

"ஏன் மாப்ளே, பொண்ணு பாக்கவா வந்திருக்க, இப்புடித் தடுமாறற?" என்றபடி மாமா பைக்கைக் கிளப்பினார். ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர். பாதி வழியில் மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. கவர்மெண்ட் பதவியில இருக்கறவங்க கைக்கு அவங்க உதவி போவாதாம். பாத்துப் பேசு."

அதற்குப் பிறகு மாந்தோப்பும் மரவள்ளிக் காடும் கண்ணில் படவே இல்லை. ஏரிக் கமிட்டிக்காரர்களை என்னவென்று சொல்வது? 'கொன்செஹால்' என்றால் நகரசபைக் கவுன்சிலர். அத்தோடு எல்லாம் போச்சு. 'கொன்செஹேரோ' என்றால் கம்பெனி டைரக்டர், அங்கே மாநில மந்திரிக்கும் அதே பேர்தான். 'போகால்' என்றால் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒருத்தர். சங்கத்தைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டுவிட்டால்? செய்யவில்லையே!

பதினோரு மணி வாக்கில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஐந்து கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே எலேனா.

"இவர்கள் யார்?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

கமிட்டிக்காரர் முனிரத்தினம் என் காதருகே குனிந்தார். "மெம்பருன்னா சப்புனு இருக்கும் தம்பி. கவுன்சிலருங்கன்னு அடிச்சு வுடு."

"ஐயோ, வேண்டாங்க!" என்று நான் கத்தியதில் எலேனா திடுக்கிட்டார். நேரத்தைக் கடத்த, பக்கத்திலிருந்த இன்னொரு கமிட்டிக்காரர் பச்சையம்மாவிடம் கேட்டேன்: "உங்கள எப்புடிங்க கமிட்டியில போட்டாங்க?"

"யாரு போட்டா? எங்க காடு கழனி வாய்க்காலுக்குக் கடைசியில கெடக்குதுங்க. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கடைமடைக்காரங்கதான் கமிட்டி. தலைமடைக்காரன் கையில மதகக் குடுத்தா, தன் காடு நெறஞ்சதும் மூடிட்டுத் தூங்கிடுவான். எங்க காட்டுக்குத் தண்ணி வரணும்னா எல்லார் காட்டுக்கும் பாஞ்சுதானே வரணும்?"

"பதவியா இது? காவக்காரப் பொழப்பு," என்றார் முனிரத்தினம், சற்றுமுன் கவுன்சிலராகிவிடப் பார்த்தவர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வலென்சியாவில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்களே ஒருவரை வைத்திருப்பார்கள். தண்ணீர்ச் சண்டையை அவர்தான் தீர்ப்பார். அவரும் விவசாயிதான், அரசாங்க ஆள் இல்லை.

"சிந்திகோ," என்றேன் எலேனாவிடம். பச்சையம்மா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

எலேனா எழுந்து போய் மதகின் விரிசலில் கையை வைத்துப் பார்த்தார். கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"தண்ணீர் குறைந்த வருஷம் என்ன ஆகும்?" என்றார்.

"மொத காயறது எங்க காடுதாங்க," என்றார் பச்சையம்மா.

எலேனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கொத்தனாரை வரச் சொல்லுங்கள்."

மாலை ரயிலில், அந்தப் பெரிய சொல் இவர்களுக்குப் பொருந்துமா என்று மறுபடி கவலை. சேலத்தில் இறங்கித் தெருவுக்கு வந்தேன். எங்கள் குழாய்க் கமிட்டித் தலைவர் வீட்டில்தான் முதல் குழாய், வாசலெல்லாம் ஈரம். என் வீடு தெருக்கோடி. குடம் காலியாகக் கிடந்தது.

மாமா ஊர் வழக்கப்படி பார்த்தால் இந்தத் தெருவுக்கு நான்தான் சிந்திகோ. அதைத் தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் மறுபடி வார்த்தை தேட ஆரம்பித்தேன்.