ஹனோராவின் பதினோரு ஓட்டு

அடுப்பில் மாவுப்பசையைக் கிண்டிக்கொண்டே, "எனக்குப் பதினோரு ஓட்டு இருக்கு" என்பாள் ஹனோரா டெவனி. பெண்களுக்கு ஓட்டே இல்லாத ஓஹையோ ஆற்றங்கரையில் அப்படிச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். பதினோரு பேரும் அவள் விடுதியில் தங்கிச் சாப்பிடுகிற இறைச்சித் தொழிற்சாலைக் கூலிகள்.

சிக்கனக்காரி; அவள் சீவிய உருளைக்கிழங்குத் தோல் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு. கறித்துண்டைப் புரட்டிப் பார்க்கிறவனிடம், "என்ன தம்பி, அதுல உங்கப்பன் பேர் எழுதியிருக்கா?" என்பாள். கணவன் கார்மக் தெருவிளக்கு ஏற்றுகிறவன். அது மேயர் கொடுக்கும் வேலை. மேயர் க்வின்லன் தோற்றால் அதுவும் போகும்.

ஓட்டுச்சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுக்கும். இந்த ஏப்ரல் மேயர் தேர்தலில் தொழிற்சாலை முதலாளி, க்வின்லனை எதிர்த்து நின்ற ஹேட்ச்சின் மஞ்சள் சீட்டை ஒவ்வொருவன் கையிலும் திணித்தார். அதுதான் பெட்டியில் விழுகிறதா என்று பார்க்க ஆளும் வைத்தார். ஹனோரா அசரவில்லை. பதினோரு சீட்டையும் வாங்கி, ஹேட்ச் பெயர்மேல் க்வின்லன் பெயர் அச்சிட்ட துண்டை ஒட்டினாள்; மடித்தால் வெளியே மஞ்சள்தான் தெரியும். அவசரம், ஈரம் காயுமுன் மடித்து அடுக்கிவிட்டாள். கொடுக்கும்போது ஒன்று குறைந்தது. எண்ணியது தப்பு என்று நினைத்து, இன்னொரு மஞ்சள் சீட்டு தேடி வாங்கி ஒட்டித் தந்தாள்.

ஹேட்ச் ஒரே ஓட்டில் ஜெயித்தார். இவர்கள் ஓட்டுப் போட்ட ஆறாம் வார்டுப் பெட்டியில், க்வின்லன் பெயர் ஒட்டிய இரண்டு மஞ்சள் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தனவாம். ஒருவனே இரண்டு போட்டான் என்று இரண்டையும் தள்ளிவிட்டார்கள். ஒன்றை எண்ணியிருந்தால் சமம், குலுக்கலுக்குப் போயிருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரும் டிமத்தி ஷேயைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் சீட்டுதான் தடியாக இருந்ததாம்.

"ஏன்டா, கை மரத்தா போச்சு?"

"முதலாளிகிட்ட எவ்வளவுடா வாங்குன?"

"அக்கா குடுத்ததைத்தான் போட்டேன், சத்தியமா!"

ஹனோரா கரண்டியால் மேசையைத் தட்டினாள். "அவனை விடுங்கடா. பசை என்னுது. காயவிடாம மடிச்சவளும் நான்தான்."

கார்மக் தலையைத் தூக்கினான். "அப்ப என் வேலையை நீயே தொலைச்சிட்ட?"

"ஆமாய்யா. சூப்பு ஆறுது, குடி."

அந்த வாரமே விளக்குக்கோலை ஒப்படைக்கக் கார்மக் கிளம்பிப் போனான். ஹனோரா தங்கள் அறையின் மெத்தையைச் சுருட்டி, அடுப்பங்கரைக்கு இழுத்து வந்து போட்டாள். பிறகு தெருப்பக்கத்து ஜன்னலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள்: 'அறை காலி. இருவர் தங்கலாம்.'