சும்மா இரு என்றால் குரை

அந்தத் தையல்காரர் வாயை மூடி யாராவது பார்த்திருந்தால், அது அவர் தூங்கும்போதாகத்தான் இருக்கும். அப்போதும் குறட்டை. அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாய்த்த நாய் மட்டும் வாயடக்கமாகவா இருக்கும்? பாபின் என்று பெயர். கடை வாசலில் நிழல் விழுந்தாலே தொண்டை கிழியக் குரைக்கும்.

குரைத்ததும் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "சும்மா இருடா, என் தங்கமே!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்துவார். டிராயரைத் திறந்து பிஸ்கட் போடுவார். பிஸ்கட்டை மெல்லும்வரை நாய் குரைக்காது. "பாத்தியா, சொன்னா எப்படிக் கேக்குது!" என்று பெருமை வேறு. பக்கத்தில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் மனைவி நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள்.

போகப் போக, ஆளே வராவிட்டாலும் பாபின் குரைத்தது. மாடியில் குடியிருந்த வீட்டு ஓனர் ஒருநாள் தடதடவென்று இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பேன்ட்டுக்கு அளவு பாக்க வருவேன். அன்னிக்கும் குரைச்சா, இந்த நாய் இங்க இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

ஓனர் போனதும் தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். பாபின் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"எவ்ளோ சொல்லியும் அடங்க மாட்டேங்குதே!"

"நீங்க சொல்றதாலதான் குரைக்குது," என்றாள் மனைவி. "அது குரைக்கும், நீங்க கத்துவீங்க, உடனே பிஸ்கட் வரும். அது வேற என்னத்தக் கத்துக்கும்? இப்பப் பாருங்க." தூங்கிக்கொண்டிருந்த பாபினிடம், "சும்மா இரு," என்றாள். அது துள்ளியெழுந்து குரைத்துவிட்டு டிராயரைப் பார்த்தது.

அன்று முதல் அவள் வைத்ததே சட்டம். குரைத்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. ஓய்ந்த அந்த நொடியில் பிஸ்கட். முதலில் பாபின் முன்னைவிடப் பலமாகக் குரைத்துப் பார்த்தது. பிறகு சங்கதியைப் பிடித்துக்கொண்டது. மனுஷர்தான் மக்கு. நாய் குரைத்தால் போதும், "சு..." என்று நாக்கு துள்ளும். கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டால் மட்டும் அவருக்கு முன்னால் சூடாக டீ வந்தது. ஏன் வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை, குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வந்து நின்றார். பாபின் தலையைத் தூக்கியது. தையல்காரர் பதறிப்போய் வாயைத் திறந்தார். அடுத்த கணம் மனைவி ஒரு கொத்து குண்டூசியை அவர் உதட்டுக்கிடையில் வைத்து, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்றாள்.

பேன்ட்டின் ஓரத்தை மடித்து ஊசி குத்துவதற்குள் மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது. பாபின் லேசாக உறுமிப் பார்த்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

"அட, பரவாயில்லையே!" என்றார் ஓனர். "நல்லாப் பழக்கிட்டீங்க. இருந்துட்டுப் போகட்டும்."

தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் நிறைய ஊசி, தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

"நாய் சட்டுனு கத்துக்கிச்சுங்க," என்ற மனைவி, கணவர் முன்னால் டீ டம்ளரை வைத்தாள். "இவருக்குத்தான் ரொம்ப நாளாச்சு."