வெற்றிலைக் கறைத் துணி

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சேலத்துக்குப் பஸ் இல்லை. எத்துப்பல்லுக்குக் கிளிப் போட, கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பல் வைத்தியரிடம் போனேன். அழுக்கு நகம். ஒவ்வொரு வாயையும் பார்த்துவிட்டு விரலைச் சட்டையிலேயே துடைப்பார்.

"கிளிப்புக்கு ரெண்டு வருசம் ஆவும். பல்லு வெளுப்பு இப்பவே செஞ்சிடலாங்க" என்றார்.

எனக்கு முன்னால் கல்வராயன் மலையிலிருந்து வந்தவரின் வெற்றிலைக் கறையைத் தேய்த்த துணியையே விரலில் சுற்றி என் வாய்க்குள் விட்டார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"மலைக்காரன் வாயில வுட்டதாச்சேங்க!" என்று கத்தினேன்.

"உங்காளு வாயில வுட்டிருந்தா வெறும் எச்சின்னுதானே சொல்லியிருப்பீங்க?" என்றவர், துணியை உதறிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வீடுவரை துப்பிக்கொண்டே போனேன். துணியின் நாற்றம் அன்றே போய்விட்டது. நான் சொன்ன அந்த வார்த்தைதான் இன்னும் வாயில் நாறுகிறது.