மஞ்சள் துணி கட்டிய வழி

எங்கள் வகையறாவில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட யாரும் ஓடியதில்லை. ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் நாள் முழுக்கத் தறி முன்னால் நிற்கிறவள் நான். என் வயிற்றில் பிறந்தவளோ விடிவதற்குள் சோழபுரம் ரோட்டில் ஓடிவிட்டு வந்து, சோறு எங்கே என்று கேட்பாள். இவளுக்கு இந்தக் கால்களை யார் கொடுத்தது என்று பல நாள் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

அவள் எட்டாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிகளுக்கான மாவட்ட கிராஸ் கன்ட்ரி போட்டி, அதுதான் காட்டுப்பாதையில் ஓடுகிற ஓட்டம், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் நடந்தது. முதல் ஆறு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். இவள் எங்கே ஓடினாலும் பத்தாவது, பன்னிரண்டாவதுதான். “இந்த ஒரு தடவ ஆறுக்குள்ள வந்துட்டாப் போதும்மா” என்று ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. நானும் லீவு போட்டு, ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே கூடப் போனேன்.

மேகம் பாதி மலையை மூடியிருந்தது. மாந்தோப்புக்கு நடுவே வண்டிப்பாதையில் நூறு பெண்கள் இருக்கும், நெருக்கியடித்து நின்றார்கள். பாதிப் பேர் காலில் ஒன்றும் இல்லை. விசில் ஊதியதும் தரை அதிர்ந்தது. நிஜமாகவே என் உள்ளங்காலில் தெரிந்தது. ஒவ்வொன்றும் காற்றடித்தால் சாய்கிற பிள்ளை. எல்லாம் சேர்ந்தால் இம்புட்டுப் பலமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வழி தெரிவதற்காக மரங்களில் துணி கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் துணி என்றால் பேண்டேஜ் துணிதானே கைக்கு வரும்? வெள்ளை கண்ணில் படாது என்று விளையாட்டு ஆசிரியர்கள் அதை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நடுவழியில் ஒரு பாதை பிரிந்து மலையடிவாரக் கோயிலுக்குப் போகிறது. அங்கே ஜனங்கள் வேண்டிக்கொண்டு மரத்துக்கு மரம் கட்டுவதும் மஞ்சளில் முக்கிய வெள்ளைத் துணியேதான். முன்னால் பாய்ந்து வந்த ஒன்பது பெண்களும் துணியைப் பார்த்துப் பார்த்துக் கோயில் வாசலுக்கே போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்களை, அதற்குள் அங்கே வந்துவிட்ட ஒரு வனக்காவலர் கைகாட்டிச் சரியான வழியில் திருப்பிவிட்டார்.

இது தெரியாமல் நான் முடிவுக் கோட்டில் நிற்கிறேன். வளைவில் முதல் ஆளாக வருவது என் மகள்! கத்தினேன், அழுதேன், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவைக் கட்டிப்பிடித்தேன்.

அந்த ஒன்பது பேரும் திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆசிரியர்களுக்குள் சண்டை மூண்டது. “ரெண்டு துணியும் ஒரே மஞ்சள். பிள்ளைக என்ன சார் செய்யும்?” என்றார் ஒருவர். “எங்க பிள்ளைக மட்டும் சரியா வரலையா?” என்று எங்கள் பள்ளி ஆசிரியர் எகிறினார். எனக்கும் அதே கேள்விதான். கடைசியில் போட்டியை நடத்திய பெரியவர் ஒரு முடிவு சொன்னார்.

“ஜெயிச்ச ஆறு பிள்ளைகளும் சம்மதிச்சா, செத்த நேரம் கழிச்சு எல்லாரும் மறுபடி ஓடட்டும். ஒருத்தி மாட்டேன்னாலும் இப்ப வந்த வரிசைதான்.”

அப்பாடா என்று இருந்தது. கைக்கு எட்டியதை எவளாவது விடுவாளா? இருந்தாலும், மகளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினாள்.

“நான் ஓடுறேன் சார்.”

மற்ற ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கையாக மேலே வந்தது. ஒருத்தி கையைத் தூக்கும்போதே அழுதாள். எனக்கு வந்த ஆத்திரமும் அந்த ஆறு கைகளைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது.

இந்தத் தடவை பாதை பிரியும் இடத்தில் ஆசிரியர் ஒருவரே போய் நின்றார். வெயில் ஏறியிருந்தது. ஓடிக் களைத்த அதே கால்கள், அதே பாதை. முதல் பெண் வந்தாள், இரண்டாவது வந்தாள். ஆறாவது பெண்ணும் கோட்டைத் தாண்டிவிட்டாள். இவளைக் காணோம். ஏழாவது பெண்ணுக்குப் பின்னால், வாய் கோணி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள் என் மகள். எட்டாவது.

மாமரத்தடியில் விழுந்து கிடந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏட்டி, கையில இருந்தத விட்டுட்டியே, வலிக்கலையா?”

“வலிக்கத்தான் செய்யுது” என்று ஓவென்று அழுதாள். மூச்சு வாங்கி முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“எம்மா, மொத ஓட்டத்துல நான் அந்த ஒம்பது பேர்ல ஒருத்தியக்கூடத் தாண்டல. இப்ப ரெண்டு பேரத் தாண்டிட்டேன்.”

ஆலயத்தில் முழங்கால் போடும்போது ஒரு பயம் வருமே, என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அந்தப் பயம் வந்தது.