ஆவடிக்குப் போய் கொரட்டூரில் செய்த உதவி

ஞாயிறு காலை 8.40. காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறும்போது நல்ல மனநிலையில்தான் இருந்தேன். எங்கள் புரோகிராமிங் குழு ஆவடியில் இலவச உதவி முகாம் நடத்துகிறது. லேப்டாப்போடு வருகிறவர்களின் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்தால் குழுவுக்குப் புது ஆட்கள் சேர்வார்கள் என்பது யோசனை. பூந்தமல்லியில் பஸ் மாறி, ஆவடி வந்து சேர 10.05 ஆயிற்று.

மண்டப வாசலிலேயே ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுவில் சேர்ந்தால்தான் உள்ளே நாற்காலி. பிறகு வரவேற்புரை, குழு வரலாறு, இன்னொரு உரை. 11.50க்குப் பக்கத்து நாற்காலிப் பெண் என் பக்கம் சாய்ந்தாள். பெயர் தேவி. பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாலை வகுப்பில் புரோகிராமிங் படிக்கிறாள்.

"சார், எப்போ பாப்பாங்க? சாயந்தரம் ஆறு மணிக்குள்ள புராஜெக்ட் அனுப்பணும். இல்லாங்காட்டி சர்டிபிகேட் கெடையாது. ரெண்டு மணிக்கு ஷிஃப்டு. கேட்லயே போன வாங்கி வெச்சுக்குவாங்க."

ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "போட்டோ முடியட்டும் சார். வேலை முடிஞ்சா ஒருத்தரும் நிக்கமாட்டாங்க. அதனாலதான் ஹெல்ப்பை எப்பவும் கடைசில வைக்கிறோம்" என்றார். நானும் போய்ப் போட்டோவில் பல்லைக் காட்டியபடி நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

போட்டோ முடிந்ததும் சாப்பாடு என்று அறிவித்தார்கள். தேவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். ஸ்டேஷனில் கொரட்டூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். 12.40 மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். தரவுக் கோப்பு இருக்கும் இடமாக, பயிற்சி நிலையக் கணினியின் முகவரியே புரோகிராமில் அப்படியே இருந்தது. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. அம்பத்தூர் தாண்டுவதற்குள் புரோகிராம் ஓடியது.

கொரட்டூர் நடைமேடையில் என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்கா காலைலேர்ந்து குந்திகினு இருந்தேன்?"

கூச்சத்தோடு, "குழுவுல இருங்க, ஏதாவதுன்னா கேளுங்க" என்றேன்.

"அதுலதான் மொத வேலையா சேத்துட்டாங்களேண்ணா. இனிமே ஒன்னும் வாணாம்." பாடி பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் குழுவில் போட்டோ வந்தது. 'இன்று நம்மால் உதவி பெற்றவர்கள்' என்று தலைப்பு. நடுவில் தேவி, மூடிய லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி. எழுதினேன்: "நடுவில் நிற்பவரின் லேப்டாப் மூடியே இருக்கிறது. யாராவது கவனித்தீர்களா?"

ஒருங்கிணைப்பாளர் உடனே பதில் போட்டார்: "நல்ல பாயிண்ட் சார். அடுத்த முகாமில் எல்லோரையும் திறந்து பிடிக்கச் சொல்லுவோம்."