ஜன்னலில் வைத்த சுடர்கள்

ஜெருசலேமில் கெயுலா முப்பது வருடமாகக் கல்யாண உடுப்பு தைப்பவள். யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் ஐந்தாம் நாள் அந்தியில், ஜன்னலில் விளக்கேற்றிய கையோடு மின்சாரம் போய்விட்டது. மறுநாள் கல்யாணம், மணப்பெண்ணின் சட்டையில் ஒரு கை பாக்கி. நாலே தையல்தானே என்று சுடர்களின் பக்கம் குனிந்தாள்.

கிரேக்க மன்னனிடமிருந்து முன்னோர்கள் மீட்ட கோயிலில், ஒரு நாளைக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்தின் நினைவு அந்தச் சுடர்கள். அவற்றைப் பார்க்கலாம், அவற்றின் வெளிச்சத்தில் வேலை செய்யக் கூடாது. தெருவே பார்க்கட்டும் என்றுதான் ஜன்னலில் வைப்பதும்.

"என்னக்கா, அற்புதத்தைக் கூலிக்கு அமர்த்திட்டீங்களா?" தெருவிலிருந்து சிரித்தார் மணப்பெண்ணின் அப்பா ஒபாதியா.

"சும்மா பாத்துட்டிருந்தேன்ப்பா."

"கையில ஊசியோடயா? விடுங்க, எம் பொண்ணு சட்டைதானே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை சுட்டது. தன் பிள்ளைகளை இதே தப்புக்குக் கையில் அடித்தவள் அவள். தைத்ததைப் பிரித்துவிடக் கத்தரியை எடுத்தாள். பிரிக்கவும் அந்த வெளிச்சம்தான் வேண்டும்.

கத்தரியை வைத்துவிட்டு, சுடர்கள் அணையும்வரை, தெருவில் போகிறவர்கள் பார்க்க, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.