மெஷினில் கோளாறு இல்லை

இப்போதெல்லாம் அந்தக் கடைக்குப் போய் ஒரு மெஷினைக் காட்டி, "இதை ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?" என்று கேட்டால், ரேடியோ அக்கா உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். "தெரியலைங்க, ஓட்டிப் பாத்து எடுத்துக்குங்க" என்பதோடு சரி. பழைய வாடிக்கையாளர்களுக்கு இது நம்ப முடியாத அதிசயம். சும்மாவா ரேடியோ என்று பெயர் வைத்தார்கள்?

பெரிய கடைகளில் வாங்கிப் போய், பழுது என்றோ பிடிக்கவில்லை என்றோ ஜனங்கள் திருப்பிக் கொடுக்கிற டிரில்லிங் மெஷினும் கிரைண்டரும் மறுபடி புதுச் சரக்காக அலமாரி ஏறுவதில்லை. வந்த விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியதை எடுத்துவந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே விற்பதுதான் அவள் பிழைப்பு. புருஷன் கண்ணை மூடிய பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கடையும், கூடப் பிறந்த தம்பியும்தான்.

அந்தச் சரக்கில் பாதிக்கு மேல் ஒரு பழுதும் இருக்காது. ஆனால் பழைய மெஷின் வாங்க வருகிறவனுக்குச் சந்தேகம் தலைக்கு மேல் இருக்கும். நல்ல மெஷினை எவனாவது திருப்பிக் கொடுப்பானா? அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்து, திருப்பிக் கொடுத்தவனைக் கேலி செய்வது. மெஷினின் மானத்தைக் காப்பாற்ற, முகம் தெரியாத எவனோ ஒருவனின் மானத்தை வாங்குவாள்.

"இதைக் கொண்டுபோனவன் ரிவர்ஸ்ல போட்டுட்டு நாள் பூரா செவுத்தோட மல்லுக்கட்டியிருக்கான். செவுத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டினதுதான் மிச்சம்!" என்பாள். கூட்டம் சிரிக்கும். "மெஷின்ல கோளாறு இல்லைங்க, ஆள்கிட்டதான் கோளாறு" என்று முடிப்பாள். சிரித்தவன் பேரம் பேச மறந்துபோவான். இதில் அவளுக்குப் பெருமை வேறு.

தம்பி, வீடுகளுக்கு அலமாரி செய்து பொருத்துகிற கார்பெண்டர். கை சுத்தமான வேலைக்காரன் என்று ஊரே சொல்லும். வாரம் தவறாமல் அக்காவைப் பார்க்க வருகிறவன், ஏனோ கொஞ்ச காலமாகக் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. போன் செய்தால், "வேலை இருக்குக்கா" என்பான். எங்கே வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். நம்மேல் என்ன கோபமோ என்று அவள் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஒரு பெயிண்டர், கூட இரண்டு மூன்று பேரோடு வந்து, புத்தம் புதிதாக இருந்த ஒரு டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தார். "கையில் பிடித்தால் ஆடுகிறது" என்று பெரிய கடைக்காரர்கள் எழுதி ஒட்டிய சீட்டு அதில் இருந்தது. அவள் முந்தின நாளே ஓட்டிப் பார்த்திருந்தாள். கல் மாதிரி நின்றது. இது போதாதா அவளுக்கு?

"மெஷின் ஆடுதாம்ல? காலையிலேயே வயித்துக்குள்ள ஊத்திக்கிட்டு வேலைக்குப் போனா மெஷினா ஆடும்? பூமியே ஆடும்!" என்றவள், மெஷினை வாங்கி, கண்ணைச் செருகி, கையை வெடவெடவென்று நடுக்கி, சுவரைத் தேடித் தேடி ஓட்டை போடுகிற மாதிரி நடித்துக் காட்டினாள். பெயிண்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. திரும்பினால், தம்பி.

"அட, கார்பெண்டர் தம்பி! நீங்க பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று பெயிண்டர் மெஷினை அவன் கையில் திணித்தார். அவன் தயங்கித்தான் வாங்கினான். அழுத்தினான். துளை போடுகிற பிட்டின் முனை வட்டம் போட்டது. மற்ற கையையும் கொடுத்துப் பிடித்தான். அப்போதும் நிற்கவில்லை.

"ஐயையோ, நெஜமாவே ஆடுதே" என்று பெயிண்டர் பின்வாங்கினார்.

பேசாமல் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம் அவன். போகவில்லை. "இல்லண்ணே, மெஷின் ஆடல. நீங்க பிடிங்க" என்று திருப்பிக் கொடுத்தான். பெயிண்டர் கையில் அது கல் மாதிரி நின்றது. அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் வாங்கிக்கொண்டு போனதும் அவன் அக்காவின் பக்கத்தில் வந்தான். "அந்தச் சீட்டு நான் சொல்லி எழுதினதுதான்க்கா. பழைய மெஷின்தான் ஆடுதுன்னு புதுசு வாங்கினேன். அதுவும் ஆடுச்சு. மெஷின்லதான் கோளாறுன்னு நெஜமாவே நெனச்சேன்." குடியை ஒருநாளும் தொட்டறியாதவன், இதையும் ஏதோ தன் தப்பைப் போலச் சொன்னான். அவள் "டேய்..." என்று ஆரம்பிப்பதற்குள், "வரேன்க்கா" என்று போய்விட்டான்.

இரவெல்லாம் தான் கையை வெடவெடவென்று நடுக்கி நடித்ததுதான் அவள் கண்ணுக்குள் நின்றது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். தம்பி மனைவிதான் இருந்தாள்.

"நரம்புல ஏதோன்னு சொல்றாங்க அண்ணி. இனிமே மர வேலை ஆகாதாம். உங்க கடையில உக்காந்து வியாபாரம் பாக்கலாமான்னு கேக்கத்தான் நேத்து வந்தார். நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு எப்படிக் கேக்கறதுன்னு பேசிப் பாத்தார், அவ்வளவு கூச்சம். ஆனா உங்க கடையில ஒரே கூட்டமாம், கேக்க முடியலையாம்."

அவளால் நிமிர முடியவில்லை.

"ஒண்ணு அண்ணி, நீங்க பேசினதைக் கேட்டு ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டுச் சிரிச்சாராம். அக்கா மாதிரி பேச யாரால முடியும்னு ராத்திரி முழுக்க அதே பேச்சுதான். அப்படி என்ன அண்ணி பேசினீங்க?"

"இன்னைக்கே கடைக்கு வரச் சொல்லு" என்றாள். அதைச் சொல்ல வாய் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வரவில்லை. "ஆமா, நேத்து ஒரே கூட்டம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.